கூட்டி வைத்த வெளிச்சம்

"ஒண்ணுமே இல்ல, ஜோஹரா. விந்தணு இல்லைன்னு டைப் பண்ணிடு."

மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள் தேவகி.

"ஒண்ணுகூடவாக்கா?"

"ஒண்ணுகூட."

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், பட்டுக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த லேப். கழுத்து வலி என்று தேவகி காலையிலிருந்து உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. வீரபத்திரனிடம் சாம்பிளை வாங்கி வந்தவள் ஜோஹரா. முடிவைச் சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

கதவைத் திறந்ததுமே வீரபத்திரனின் அம்மா எழுந்து வந்தாள்.

"ஆயிடுச்சாமா? டாக்டரு கேட்டாரேன்னு குடுத்தோம். எம் புள்ளைக்கு என்னா கொறச்சல், எரும கணக்கா இருக்கான். தோ, குந்திக்கினு இருக்குது பாரு, அதுக்குத்தான் எல்லா டெஸ்ட்டும் எடுக்கணும். எங்க வூட்டு ராசி, வர்றது எல்லாம் இப்படியே வந்து வாய்க்குது."

மருமகள் பிரியதர்ஷினி தலையைத் தூக்கவில்லை. பக்கத்தில் வீரபத்திரன் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அஞ்சு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு ஜோஹரா உள்ளே வந்தாள்.

"அந்தப் பொண்ணு பொழச்சுதுக்கா. இனிமே அந்தக் கெழவி வாயைத் தொறக்கட்டும், பாக்கலாம்."

"பேசாம டைப் பண்ணு."

டைப் செய்யுமுன், வழக்கம்போல ஜோஹராவும் ஒருமுறை குனிந்து பார்த்தாள். கண் கூசியது. விளக்கு முழுதாக எரிந்தது. வெளிச்சத்தைக் குவிக்கும் கன்டென்சர் உச்சியில் நின்றது. சாயம் ஏற்றிய ரத்த ஸ்லைடுக்குத்தான் இவ்வளவு வெளிச்சம் வேண்டும். சாயமில்லாத இதில், இருப்பதும் கரைந்து போய்விடும்.

விளக்கைக் குறைத்தாள். கன்டென்சரை இறக்கி, அதன் அடியில் வெளிச்சம் நுழையும் துளையைச் சுருக்கினாள்.

மங்கலில் முதலில் ஒரு தலை தெரிந்தது. பிறகு ஒரு வால். பிறகு அந்த வட்டம் முழுவதும் நெளிந்தது.

"யா அல்லா! ரத்தம் பாத்த வெளிச்சத்துலயே இதையும் பாத்துட்டியாக்கா? வந்து பாரு, தாமல் ஏரி மீன்குஞ்சாட்டம் ஓடுது!"

தேவகி எழுந்து வரவில்லை.

"கொறச்சும் பாத்துட்டேன். அதுக்கப்புறம்தான் கூட்டி வெச்சேன்."

"ஏங்க்கா?"

"இன்னும் எவ்ளோ நேரம்மா?" என்று வெளியே கிழவி கதவைத் தட்டினாள்.

தேவகி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மலடின்னு சொல்லி அந்த அம்மா தொரத்திவுட்ட மொத மருமவ நான்தான். கொறை அவன்கிட்டதான்னு நெனச்சிக்கினுதான் இத்தினி வருஷமும் தூங்கினேன், ஜோஹரா."