ஈரத் துண்டு

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு வருஷக்கணக்கா தொண்டை கிழியக் கத்தியாச்சு. மெத்தையே ஊறிப்போச்சு. கண்ணை எங்க வச்சிருக்கீங்க?"

மாடிப்படி ஏறும்போதே இது அக்காவின் காதில் விழுந்தது. பழப்பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தாள். நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்துகொண்டவன் அவள் தம்பி. இன்னும் மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அவன் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

தம்பி படுக்கையறைச் சுவரோரம் நின்றிருந்தான். பத்து மணியாகியும் குளிக்கவில்லை, தலை பரட்டையாகக் காய்ந்து கிடந்தது. அவன் மனைவி, சொட்டச் சொட்ட நனைந்த துண்டை அவன் மூக்குக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தும்மா. பாதி உயிரோடதான் திரும்பி வந்திருக்கான். மிச்சத்தை நீ எடுத்துடுவ போலிருக்கே."

அவள் அக்காவை ஒரு முறை முறைத்துவிட்டு, துண்டைக் காயப்போடப் பால்கனிக்குப் போனாள். போகிற வழியில் செருப்பு கிடந்த இடத்துக்கு ஒரு திட்டு, பிரித்தபடி கிடந்த பேப்பருக்கு ஒரு திட்டு.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரிலிருந்து போன் செய்தபோதெல்லாம் "நல்லா இருக்கார்" என்று இரண்டே வார்த்தையில் பேச்சை முடித்தவள்தானே இவள். அந்தத் திமிரை அன்றைக்கே புரிந்துகொள்ளாதது தன் தப்பு என்று நொந்துகொண்டாள். அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்து அவன் மாத்திரைகளையும் சட்டைகளையும் திணித்தாள்.

"கிளம்புடா. என் வீட்டுல உன்னை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டாங்க."

தம்பி அசையவில்லை. பால்கனிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அக்காவின் கோபம் தலைக்கேறியது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று திரும்பியவளை, அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"நான் வரலக்கா. நான் சுருண்டு விழுந்ததை நேர்ல பார்த்தவ அவ. அன்னையிலிருந்து கல்லா சமைஞ்சுட்டா. தூங்காம என் மூச்சையே பார்த்துட்டு உக்கார்ந்திருப்பா. கேட்டா ரெண்டு வார்த்தை, அதோட சரி. கோபம்கூட வரல."

பால்கனியில் துண்டை உதறும் சத்தத்தோடு அடுத்த திட்டும் கேட்டது.

"பதினொரு நாளா, தினமும் காய்ஞ்ச துண்டைக் குழாயில நனைச்சு, அவ பக்கமா கட்டில்ல போட்டுட்டிருக்கேன். இன்னைக்குத்தான் திட்டினா."