மூன்றாவது தட்டு

கடித்த குக்கீயை அப்படியே உள்ளங்கையில் துப்பினார் தங்கையின் மாமியார்.

"கரிக்குது. மனுஷங்க தின்ன முடியாது."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குச் சுருக்கென்றது. தங்கையைப் பார்த்துப் பல நாளாச்சே என்று ஆசையாக வந்தால், இந்தக் கண்றாவியையும் பார்க்க வேண்டியிருக்கிறதே!

"முதல் தட்டுல வால்நட் சிக்கு வாடை. ரெண்டாவதுல இனிப்பே இல்ல. இப்ப உப்பு," என்று விரல் விட்டு எண்ணினார் மாமியார். "அத்தனையும் கொட்டிட்டு மறுபடி பிசை."

"என்ன அத்தை இப்படிச் சொல்றீங்க? பிரமாதமா இருக்கே!" என்று அக்கா தன் கையில் இருந்ததை இரண்டே வாயில் முடித்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். தண்ணீர் குடித்துச் சமாளித்தாள். அதற்காக ஒருத்தியின் முகத்துக்கு நேரே துப்புவதா?

தங்கை தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு, தெருமுனைக் குழந்தைகள் காப்பகத்து மேடம் இந்த சாக்லேட் சிப் குக்கீயை ருசி பார்க்கப் போகிறார். பிடித்துவிட்டால் தினமும் அறுபது பிள்ளைகளுக்குத் தங்கைதான் சுட்டுக் கொடுக்க வேண்டும். மைதா கிடையாது, வெள்ளைச் சர்க்கரை கிடையாது. முழுக்கோதுமை மாவு, ஓட்ஸ், பேரீச்சம்பழ விழுது, வெண்ணெய், வால்நட், டார்க் சாக்லேட். பாழாய்ப்போன ஒரு காய்ச்சலில் விழுந்து, பேக்கரி வேலையையும் விட்டுவிட்டு ஆறு மாதமாக வீட்டோடு கிடந்தவள். இது கிடைத்தால்தான் மறுபடி தலை நிமிர்வாள். இந்த நேரம் பார்த்தா இந்த அம்மாள் இப்படிப் படுத்த வேண்டும்?

அக்கா பின்னாலேயே போனாள்.

தங்கை குப்பைக்கூடையில் இருந்து வெண்ணெய் உறையை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியாக்கா? இவர் உப்புப் போட்ட வெண்ணெயை வாங்கிட்டு வந்திருக்கார். நான் வழக்கம் போல அரை ஸ்பூன் உப்பு வேற போட்டிருக்கேன்!"

"வெண்ணெய் கிடக்கட்டும்டி. உனக்கு ரோஷமே கிடையாதா? அவங்க துப்புறாங்க, நீ கைகட்டி நிக்கிற!"

"அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா."

"கிழிச்சாங்க! பேசாம கிளம்பு. என் வீட்டு ஓவன்ல பண்ணு. ஒரு குறை சொல்ல அங்க ஆள் கிடையாது."

தங்கை சிரித்துவிட்டாள். "அதனாலதான் அங்க வரல."

"என்னடி உளர்றே?"

"நீ தின்னியே, அது எப்படி இருந்துச்சு? நிஜமாச் சொல்லு."

"பிரமாதம்னேனே! சத்தியமா."

"இவரும் இப்படித்தான். எதைக் கொடுத்தாலும் சூப்பர்ங்கிறார். பக்கத்து வீட்டுக்காரங்களும் அப்படியே. எல்லாருக்கும் நல்ல மனசு."

அதற்குள் கூடத்தில் இருந்து குரல் வந்தது. "அடுத்த தட்டு ஆனதும் கூப்பிடும்மா. வயிறு திம்முனு இருக்கு, அதுக்குள்ள மாடியில நாலு நடை நடந்துட்டு வந்துடறேன்."

அக்கா முகத்தைச் சுளித்தாள். "பாரு, குறை சொல்றதுக்குன்னே பசியை உண்டாக்கிக்கிறாங்க!"

பிசையத் தொடங்கியிருந்த புது மாவில் இருந்து கையை எடுத்தாள் தங்கை. கண்கள் நிறைந்துவிட்டன.

"அவங்களுக்கு இனிப்பே பிடிக்காதுக்கா. எனக்காகக் காலையில இருந்து தின்னுட்டிருக்காங்க. இந்த ஜென்மத்துல அவங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லப் போறேன்னு தெரியல."

"நன்றியா? எதுக்கு?"

"அந்தக் காய்ச்சல்ல எனக்கு ருசி, வாசனை ரெண்டுமே போயிடுச்சுக்கா. இன்னும் திரும்பி வரல. அம்மா காதுக்குப் போனா அழுவாங்கன்னு உங்க யார்கிட்டயும் சொல்லல. அத்தை அவங்களாவே கண்டுபிடிச்சு, 'நீ செய், நான் ருசி பார்த்து உள்ளதைச் சொல்றேன்'னு உட்கார்ந்திருக்காங்க."

அக்கா அந்த மூன்றாவது தட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

தங்கை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் பிரமாதத்தை நம்பியிருந்தா, அந்த உப்புத் தட்டைத்தான்க்கா நாளைக்கு மேடத்துக்கு நீட்டியிருப்பேன்."