பெட்டி மாறிய மன்றாட்டு

“இதுவும் அந்தோனியாருக்குத்தான் அன்ரி,” என்று கோயில் கூட்டும் யூலிற்றாவிடம் சொன்னபடி ஜெயரூபினி அடுத்த துண்டுக் காகிதத்தை விரித்தாள்.

முல்லைத்தீவுக் கரையில் இருந்த அந்தோனியார் கோயில் சுவரில் இரண்டு பெட்டிகள் தொங்கின. ஒன்று புனிதருக்கு எழுதிப் போடும் மன்றாட்டுப் பெட்டி. மற்றது, ஊருக்குக் குடிதண்ணீர் சுத்திகரிக்கும் மெசின் பூட்டித் தந்த வெளிநாட்டு நிறுவனத்துக்குக் குறை எழுதிப் போடும் முறைப்பாட்டுப் பெட்டி. மாதம் ஒருமுறை வந்து அதைத் திறப்பது நிறுவனத்தில் ஜெயரூபினியின் வேலை. அவள் வேலைக்கு வந்த இந்த ஆறு மாதமாக அதற்குள் ஒரு முறைப்பாடும் இல்லை. மகளின் கலியாணம், மகனின் விசா என்று எல்லாம் மன்றாட்டுத்தான்.

மெசினோ எட்டு மாதமாக ஓடவில்லை. யூலிற்றா உட்பட ஊரே தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு இரண்டு கட்டைத் தூரம் நடந்தது. இந்த மாதமும் முறைப்பாடு வராவிட்டால், ‘மக்களுக்குத் திருப்தி’ என்று எழுதிவிட்டு நிறுவனம் திட்டத்தை மூடிவிடும்.

“சனத்துக்குப் பெட்டி மாறிப்போச்சுது பிள்ளை,” என்றாள் யூலிற்றா, கூட்டுவதை நிறுத்தாமல்.

ஆறு மாதமாகவா மாறும் என்று ஜெயரூபினிக்குக் கோபம் வந்தது. அவளுக்கு முன் இந்த வேலையில் இருந்த கொலின்ஸ், இதே ஊரிலிருந்து ஒரே மாதத்தில் நாற்பது முறைப்பாடு கொண்டுபோனவனாம். இப்போது அவன் எங்கேயென்று கேட்டால் அலுவலகத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

ஜெயரூபினி பேனையை நீட்டினாள். “நீங்களாவது ஒண்டு எழுதுங்கோ அன்ரி. இண்டைக்கே கொண்டுபோய்க் குடுக்கிறன்.”

யூலிற்றா பேனையை வாங்கவில்லை. தனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு, வெறுங்கானோடு தண்ணீருக்குப் புறப்பட்டாள்.

பெட்டியின் மூலையில் இன்னொரு துண்டு ஒட்டிக் கிடந்தது. ஜெயரூபினி சலிப்போடு விரித்தாள்.

“அந்தோனியாரே, எங்கட முறைப்பாட்டை மேலிடத்துக்குக் கொண்டுபோன கொலின்ஸ் தம்பியை வேலையால நிப்பாட்டிப் போட்டாங்கள். இந்தப் பிள்ளைக்கும் அப்பிடி நடக்கக் கூடாதெண்டு நாங்கள் முறைப்பாடு எழுதிறேல்லை. முறைப்பாட்டுப் பெட்டி வெறுமையாக் கிடந்தாலும் பிள்ளைக்குக் கரைச்சல் எண்டு, உமக்கு எழுதிறதுகளை அதுக்குள்ள போடுறம், கோவிக்காதையும். மெசினை நீர்தான் திருத்தித் தரவேணும். இப்படிக்கு, யூலிற்றா.”

அந்த ஒரு துண்டுதான் உண்மையிலேயே பெட்டி மாறி விழுந்திருந்தது.