அட்டைப்படத்துக்கு ஒரு சிலந்தி

“சிலந்தி எங்கே?”

ஆசிரியரம்மா போட்ட சத்தத்தில் பத்திரிகை அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது.

மேசைமேல் அட்டைப்படம் கிடந்தது. வாயைப் பொத்திக்கொண்டு மிரண்டு நிற்கும் ஒரு பெண். எதிரே வெறும் சுவர்.

“அவ முகத்துலயே பயம் தெரியுதே மேடம். சிலந்தி வேணாமே” என்றார் ஓவியர். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் எதிர்ப்பேச்சு.

“பயம் பத்தி சிறப்பிதழ் போடறோம். கடையில பாக்கறவன் பதறிப்போய் வாங்கணும். வெறும் சுவரைப் பாத்து எவன் பதறுவான்?”

“நிழல் மட்டும் போடட்டுமா?”

“முழு சிலந்தி. முடி முதற்கொண்டு தெரியணும். அச்சகத்துல காத்துக்கிட்டிருக்காங்க. ஒரு மணி நேரத்துல வரலைன்னா, நாளையிலேர்ந்து நீங்க வரவேண்டாம்.”

“இந்த வேலையை நம்பித்தான் மேடம் பொண்ணைக் காலேஜ்ல சேர்த்திருக்கேன்.”

“அப்ப வரைங்க!”

வரைய உட்கார்ந்தார் மனுஷர். அதற்கும் ஆயிரம் ஆர்ப்பாட்டம். மாதிரிக்குக் கொடுத்த சிலந்திப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடித்த தாளால் மறைத்தார். அந்தத் தாளில் தபால்தலை அளவுக்கு ஓர் ஓட்டை. அது வழியே கொஞ்சம் பார்ப்பார், வரைவார், வரைந்ததை மூடிவிட்டு ஓட்டையை நகர்த்துவார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“ஒரு பூச்சி வரைய எவ்வளவு பிகு பாருங்க!” என்று ஆசிரியரம்மா சத்தமாகவே சிரித்தார். மற்றவர்களும் கூடச் சிரித்து வைத்தார்கள்.

முடித்ததும் படத்தைக் குப்புறப் போட்டு நீட்டினார் ஓவியர். திருப்பிப் பார்த்த ஆசிரியரம்மாவுக்கே திக்கென்றது. அப்படியொரு சிலந்தி.

“இவ்வளவு திறமை இருக்கு. இத்தனை நேரம் சோம்பேறித்தனம்! சரி, கையெழுத்து எங்கே?”

“இதுல வேணாம் மேடம்.”

“ஓஹோ, என்மேல கோபமா? போடுங்க சார்!”

ஆசிரியரம்மா எழுந்து, படத்தை ஓவியரின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

ஓவியர் அலறினார். நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்து, மேசைக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டார்.

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

படத்தை அவசரமாகக் குப்புறக் கவிழ்த்தார் ஆசிரியரம்மா. “சார்... முதல்லயே சொல்லியிருக்கலாமே!”

“பழைய ஆபீஸ்ல சொன்னேன் மேடம். மறுநாளே என் சீட்ல ரப்பர் சிலந்தியை வச்சுட்டு சுத்தி நின்னு சிரிச்சாங்க.”

தொலைபேசி அடித்தது. அச்சகம்தான்.

“மேடம், நீங்க எழுதின கட்டுரையோட தலைப்பை அட்டையில பெருசா போடணும்னீங்களே. என்ன தலைப்பு?”

ஆசிரியரம்மா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார்.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?”

மேசைக்கடியில் இருந்தவரைப் பார்க்காமல், முணுமுணுப்பாகச் சொன்னார்:

“பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.”