தலைக்கு மேல் ஒரு கை

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். பூமிக்கடியில், எலி வளை போன்ற சுரங்கத்தில் மாட்டிக்கொண்டவன் வயிற்றால் ஊர்ந்துகொண்டிருந்தான். முன்வரிசைக்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். "மூச்சு முட்டுதுப்பா, வா போலாம்" என்று ஒரு பெண் தன் கணவனை இழுத்துக்கொண்டு போனாள். அவர்கள் விட்டுப்போன நாற்காலிப் பக்கம் நிரோஷா காலை நீட்டிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவளும் தயாளனும் தனியாக இருப்பது தியேட்டரில் மட்டும்தான். வீட்டில் ஒரே அறை. மாமனாரும் மாமியாரும் கட்டிலில், நாத்தனார் பிள்ளைகளோடு தரையில். மிச்சம் கட்டிலுக்கு அடியில் இருந்த இடம், அது நிரோஷாவுக்கு. தயாளன் மொட்டைமாடியில் படுத்துக்கொள்வான். கட்டில் சட்டம் இடிக்காமல் காலையில் எழுந்திருக்க அவள் பழகிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு பயமா இல்லியா?" என்றான் தயாளன்.

"நல்லா காத்து வருதுங்க" என்றாள்.

கடைசியில் அந்த ஆள் வெளியே வந்துவிட்டான். வெட்டவெளியில், உச்சந்தலையைக் கையால் மூடிக்கொண்டு மெல்ல மெல்ல எழுந்து நின்றான். மிச்சமிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"வெளியதான் வந்துட்டானே, இன்னும் எது இடிக்கப்போவுதாம்?" என்று தயாளனும் சிரித்தான்.

விளக்குகள் எரிந்தன. எல்லோரும் சோம்பல் முறித்தபடி எழுந்தார்கள். நிரோஷா குனிந்து செருப்பைத் தேடி மாட்டினாள். பிறகு, இடது கையால் உச்சந்தலையை மூடிக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

தயாளன் அண்ணாந்து பார்த்தான். கூரை எங்கோ உயரத்தில் இருந்தது.