ஊருக்குப் போன முறுக்கு

முறுக்கு என்ற நாய் செத்துப்போன அன்று, "அது ஊருக்குப் போயிருக்கு கண்ணு" என்று அம்மா குட்டி தாரிணியிடம் சொன்னாள்.

"உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாப்பாவோட சேர்ந்து நாமும் அழுதிருக்கலாம்" என்றது நாயின் சோற்றுத் தட்டு.

"குழந்தை அழாம இருக்கே, அது போதாதா?" என்று அதட்டியது நாய்ச்சங்கிலி.

தாரிணி தினமும் தட்டில் பால்சோறு வைத்தாள். காக்கைதான் வந்து தின்றது.

ஒரு காலையில் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு, "ஊருக்குப் போயிட்டு வரேன்டா" என்றாள்.

"முறுக்கும் அங்கதானே போச்சு!" என்று அலறிய தாரிணி, சங்கிலியை எடுத்துவந்து அம்மாவின் காலைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினாள்.

"இப்பவாவது சொல்லிடும்மா" என்று கெஞ்சியது சங்கிலி. அம்மாவின் காதில் அது வெறும் சங்கிலிச் சத்தமாகத்தான் விழுந்தது.