ஒரே சைகை

பதிவு அலுவலகத்தில் மணப்பெண் வடிவிடம் பதிவாளர் கேட்டார். "இந்தக் கல்யாணத்துல உனக்குச் சம்மதமாம்மா?" வடிவுக்குக் காது கேட்காது. அவளுக்காகச் சைகை பேச வந்திருந்த ஜெசிந்தா அந்தக் கேள்வியைக் கைகளால் கேட்டாள். சம்மதம் என்றால் இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று தேடிப்போய்ச் சேர வேண்டும். வடிவின் இடக்கை மடியிலேயே கிடந்தது. வலக்கை மட்டும் எழுந்து அவள் தலையைக் கீழே அழுத்தியது.

"பாருங்க, தலையாட்டிட்டா. எழுதுங்க சார்," என்றார் அவள் அப்பா கோதண்டம்.

"தலையாட்டலைங்க. அடங்கிப் போறேன்னு சொல்றா," என்றாள் ஜெசிந்தா.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. உன் வியாக்கியானத்தை இங்க யாரு கேட்டா?"

"ஒண்ணு இல்லைங்க. சம்மதம்னு அவ சொல்லட்டும், நானும் சொல்றேன்."

பதிவாளர் பேனாவை மூடினார். "இன்னொரு தடவை கேளும்மா."

ஜெசிந்தா கேட்டாள். கோதண்டம் மகளுக்கு நேராகக் கையை நீட்டிக் காற்றைக் கீழே அழுத்திக் காட்டினார். மகளிடம் பேச அவருக்குத் தெரிந்த ஒரே சைகை அதுதான். வடிவு அந்தக் கையையே சற்று நேரம் பார்த்தாள். இந்த முறை அவள் தலையை அழுத்தவில்லை; தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.